மின்னோட்டத்தின் மீடிறன்: அளவீடும் பதிவும் சமூகப் பொருளும்

2018ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஐரோப்பியக் கண்டத்தின் பெரும்பகுதியில் ஒரு விநோதம் நிகழ்ந்தது. சமையலறை அடுப்புக்களிலும் படுக்கையறை வானொலிகளிலும் பொருத்தப்பட்டிருந்த மின்கடிகாரங்கள் ஏறக்குறைய ஆறு நிமிடம் பிந்தி ஓடின. மின்கலத்தில் இயங்கும் கடிகாரங்களும் கைத்தொலைபேசிகளும் சரியான நேரத்தையே காட்டின. பிந்திய கடிகாரங்களைத் திருத்துபவரிடம் கொண்டுசென்றிருந்தால், அவற்றில் எப்பழுதும் இல்லையென்றே அவர் கூறியிருப்பார். பழுது கடிகாரத்தில் இல்லை; சுவரிலுள்ள மின்குதையின் வழியே வந்த மின்னோட்டத்தில் இருந்தது. இன்னும் நுணுகி நோக்கின், மின்னோட்டத்திலும் இல்லை. அதனை ஆக்கியும் நுகர்ந்தும் வந்த அரசுகளுக்கும் நிறுவனங்களுக்கும் இடையிலான உறவிலே இருந்தது.

மின்னோட்டத்தின் மீடிறனை அளந்து பதிவுசெய்தல் பொறியியலாளரின் துறையாகவே கருதப்பட்டு வருகின்றது. இலக்கிய மாணவன் ஒருவன் அதனைப்பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் பதிவு என்பது எத்துறையினதாயினும் ஓர் ஆவணமே. ஆவணத்தை எவர் எழுதினார், எதனை எழுதினார், எதனை எழுதாது விட்டார் என்னும் வினாக்களை எழுப்புவது இலக்கிய ஆராய்ச்சியாளனுக்குப் பழகிய தொழில். மீடிறன் எவ்வாறு தோன்றுகின்றது, எவ்வாறு அளக்கப்படுகின்றது, அதன் பதிவு எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறாது விடுகின்றது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மீடிறன் என்பது யாது?

நம் வீடுகளுக்கு வருவது ஆடலோட்டம். அது ஒரு திசையில் பாய்ந்து, மறுதிசைக்குத் திரும்பி, மீண்டும் முதற்றிசையை அடைகின்றது. இவ்வாறான முழுச் சுற்றுக்கள் ஒரு செக்கனில் எத்தனை நிகழ்கின்றனவோ அவ்வெண்ணே மீடிறன். தமிழ்நாட்டார் இதனை அதிர்வெண் என்பர். இதன் அலகு ஹேட்ஸ். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் நியம மீடிறன் 50 ஹேட்ஸ். அமெரிக்காவில் 60 ஹேட்ஸ்.

இவ்வெண் மின்பிறப்பாக்கியின் சுழற்சியிலிருந்தே பிறக்கின்றது. இரு முனைவுகளையுடைய பிறப்பாக்கி நிமிடத்துக்கு 3,000 தடவை சுழன்றால் 50 ஹேட்ஸ் கிடைக்கும். இருபது முனைவுகளையுடைய நீர்மின் பிறப்பாக்கி 300 தடவை சுழன்றாலே போதும். ஒரே வலையமைப்பில் இணைக்கப்பட்ட இத்தகைய பிறப்பாக்கிகள் யாவும், ஆயிரம் மைல்களுக்கு அப்பால் இருப்பினும், ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை போல ஒத்துச் சுழல்கின்றன. வோல்ற்றளவு வீதிக்கு வீதி வேறுபடும். மீடிறனோ, கணப்பொழுதுக் குழப்பங்களை நீக்கி நோக்கின், வலையமைப்பு முழுவதற்கும் ஒன்றே.

பேரளவு மின்சாரத்தைக் களஞ்சியப்படுத்துவது கடினம். ஒவ்வொரு கணத்திலும் ஆக்கமும் நுகர்வும் சமனாதல் வேண்டும். நுகர்வு மிகுந்தால் அக்குறை எங்கிருந்து நிரப்பப்படுகின்றது? சுழன்றுகொண்டிருக்கும் பாரிய சுழலிகளின் இயக்கச் சக்தியிலிருந்து. ஆகவே அவற்றின் வேகம் குறைகின்றது. மீடிறன் 50இலும் கீழே இறங்குகின்றது. ஆக்கம் மிகுந்தால் வேகம் கூடி மீடிறன் ஏறுகின்றது. பொருளியலார் கேள்வியும் நிரம்பலும் என்று கூறுவனவற்றின் சமநிலையைச் செக்கன்தோறும் காட்டும் துலாமுள் இது.

2. ஐம்பதின் வரலாறு

50 என்பது இயற்கை விதித்த எண் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒவ்வொரு கம்பனியும் தான் விரும்பிய மீடிறனில் மின்சாரத்தை விற்றது. 1891இல் ஜேர்மனியின் லௌஃபனிலிருந்து பிராங்பேட்டுக்கு நெடுந்தூரம் மின்சாரம் கொண்டுசெல்லப்பட்ட புகழ்பெற்ற பரிசோதனையில் பயன்பட்டது 40 ஹேட்ஸ். முதலாம் உலகப் போரின் இறுதியில் இலண்டன் நகரில் மட்டும் பத்து வேறுபட்ட மீடிறன்கள் வழக்கிலிருந்தன. ஒரு தெருவில் வாங்கிய மின்மோட்டார் மறு தெருவில் பயன்படாது போயிற்று. போட்டி முதலாளித்துவத்தின் அராஜகம் இதனினும் துலக்கமாக வேறெங்கும் வெளிப்பட்டதென்று கூறுவது அரிது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் மத்திய மின்சார சபையை நிறுவி, 50 ஹேட்ஸில் இயங்கும் தேசிய வலையமைப்பை உருவாக்கும் பணியைப் பிரித்தானிய அரசே மேற்கொள்ள வேண்டியதாயிற்று.

யப்பானின் கதை இதற்கு மறுதலையானது. அங்குக் கிழக்குப் பகுதி ஜேர்மன் இயந்திரங்களையும் மேற்குப் பகுதி அமெரிக்க இயந்திரங்களையும் இறக்குமதி செய்தன. அன்று செய்த கொள்வனவின் விளைவாக இன்றும் தோக்கியோ 50இலும் ஒசாக்கா 60இலும் இயங்குகின்றன. 2011இல் புகுசிமா அணுமின்நிலைய அனர்த்தத்தின்பின் கிழக்குப் பகுதி மின்சாரமின்றித் தவித்தபோது, மேற்கிலிருந்து மீடிறன் மாற்றி நிலையங்கள் வழியே அனுப்பக்கூடியதாய் இருந்தது ஏறக்குறைய 1,200 மெகாவாற்று மாத்திரமே. இறந்த தலைமுறையினர் செய்த வணிக ஒப்பந்தங்கள் உயிருள்ளோரின் கைகளைக் கட்டிவிடுவதற்கு இதுவோர் எடுத்துக்காட்டு.

3. ஒரு முகப்பில் இரு முட்கள்

மீடிறனைத் தொடர்ச்சியாகக் கண்காணிக்கும் முறையின் வரலாற்றில் அமெரிக்கராகிய ஹென்றி வாரன் என்பவருக்கு முக்கிய இடமுண்டு. ஆடலோட்டத்தின் சுற்றுக்களை எண்ணி இயங்கும் கடிகாரத்தை அவர் விற்க விரும்பினார். ஆயின் மின்நிலையங்களின் மீடிறன் நிலையற்றிருந்தமையால் கடிகாரம் நேரம் தவறியது. தமது பண்டம் விலைபோக வேண்டுமாயின் மின்வலையமைப்பே ஒழுங்குபட வேண்டுமென்பதை அவர் உணர்ந்தார். 1916இல் பொஸ்ரன் நகர எடிசன் கம்பனியின் மின்நிலையத்தில் அவரது தலைமைக் கடிகாரம் பொருத்தப்பட்டது. அதன் முகப்பில் இரு முட்கள் இருந்தன. ஒன்று ஊசலால் இயங்கியது. மற்றது அந்நிலையத்தின் மின்சாரத்தாலேயே இயங்கியது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்குமாறு சுழலியின் வேகத்தைத் திருத்துவதே ஊழியரின் கடமையாயிற்று.

இவ்வெளிய கருவியில் அளவீட்டின் முதல் விதி அடங்கியுள்ளது. அளக்கப்படும் பொருளைக்கொண்டே அப்பொருளை அளக்க இயலாது. அதற்குப் புறத்தேயுள்ள சான்றொன்று வேண்டும். 2018இல் ஐரோப்பியர் தம் அடுப்புக் கடிகாரம் பிந்தியதைக் கைத்தொலைபேசியைப் பார்த்தே கண்டுகொண்டனர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இவ்விதிக்கு ஓர் அரசியலும் உண்டு. சீரான இயக்கத்தின் உற்பத்திபற்றிய கோட்பாடு கடிகாரத்திலிருந்தே வளர்ந்ததென்று மார்க்ஸ் 1863 ஜனவரியில் எங்கெல்சுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். தொழிற்சாலை ஒழுங்குக்கும் கடிகாரத்துக்குமுள்ள உறவை ஈ. பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய ஆலைகள் சிலவற்றில் முதலாளிமார் காலையில் கடிகாரத்தை முன்தள்ளியும் மாலையில் பின்தள்ளியும் வைத்தனர். தொழிலாளர் தம்மிடம் கைக்கடிகாரம் வைத்திருப்பது தடைசெய்யப்பட்டது. இரண்டாவது கடிகாரம் தொழிலாளியின் பையில் இருப்பதை முதலாளி ஏன் அஞ்சினான்? இரு முட்களும் ஒருவன் கையில் மாத்திரம் இருக்கும்போதுதான் களவு கணக்காகத் தோன்றும்.

4. அளத்தலும் பதிதலும்

இன்று மீடிறனை அளப்பது ஒரு பாடசாலை ஆய்வுகூடத்துக்கும் இயலுமான காரியம். சிறிய மின்மாற்றியொன்றினால் 230 வோல்ற்று சில வோல்ற்றுக்களாகக் குறைக்கப்படுகின்றது. வோல்ற்றளவு பூச்சியத்தைக் கடந்து மேலேறும் ஒவ்வொரு கணத்திலும் ஒரு துடிப்பு எழுமாறு செய்யப்படுகின்றது. அடுத்தடுத்த துடிப்புக்களுக்கு இடைப்பட்ட காலத்தை விரைவாக எண்ணும் கடிகாரமொன்று அளக்கின்றது. 50 ஹேட்ஸில் இக்காலம் ஒரு செக்கனின் ஐம்பதிலொரு பங்கு. ஐம்பது சுற்றுக்களின் மொத்தக் காலத்தை எடுத்துச் சராசரி காணின், ஒவ்வொரு செக்கனுக்கும் ஒரு பெறுமானம் கிடைக்கும். வெறுமனே துடிப்புக்களை ஒரு செக்கன் எண்ணினால் 49 அல்லது 50 என்ற முழுவெண்ணே கிடைக்கும். ஆதலின் எண்ணிக்கையைவிடக் காலத்தை அளப்பதே நுட்பமான முறை.

இங்குச் சான்றுக் கடிகாரத்தின் தரம் கவனிக்கப்பட வேண்டும். சாதாரண குவாட்ஸ் படிகம் பத்து இலட்சத்துக்கு இருபது பங்கு தவறக்கூடியது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.7 செக்கனாகும் இத்தவறு, 50 ஹேட்ஸில் 0.001 ஹேட்ஸ் பிழையைத் தரும். ஒரு செக்கன் ஏற்ற இறக்கத்தைக் காண்பதற்கு இது போதுமானது. பல வாரச் சராசரியை ஆராய்வதற்குச் செய்மதிகள் அனுப்பும் நேரச் சைகையோடு கடிகாரத்தை ஒப்பிட்டுத் திருத்துதல் வேண்டும். மின்கம்பியிலுள்ள இரைச்சல் போலித் துடிப்புக்களை எழுப்பாதவாறு வடிகட்டல் அவசியம். பதிவில் இடைவெளி ஏற்பட்டால் அதனை ஊகத்தால் நிரப்பாது இடைவெளியாகவே காட்டுதல் வேண்டும். ஏட்டுச்சுவடியில் சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பாசிரியரின் நேர்மைக்கு இது நிகரானது.

இவ்வாறு பெறும் தரவை இரு முறையில் நோக்கலாம். கணந்தோறும் மீடிறன் யாது என்பது ஒன்று. தொடக்கத்திலிருந்து இதுவரை கழிந்த சுற்றுக்கள் எத்தனை, அவை காட்டும் நேரம் உண்மை நேரத்தினின்றும் எவ்வளவு விலகியுள்ளது என்பது மற்றது. முன்னையது கணநேர நோக்கு. பின்னையது திரட்டு நோக்கு. இவ்விரண்டும் ஒன்றையே கூறுமென நாம் எதிர்பார்ப்போம். 2018ஆம் ஆண்டு நிகழ்ச்சி அவ்வாறன்று எனக் காட்டிற்று.

5. ஆறு நிமிடங்களின் கணக்கு

ஸ்பெயினிலிருந்து துருக்கி வரையும், நெதர்லாந்திலிருந்து போலாந்து வரையும் 25 நாடுகள் அன்று ஒரே மீடிறனில் ஒத்தியங்கின. 2018 ஜனவரி நடுப்பகுதியிலிருந்து இவ்வலையமைப்பின் சராசரி மீடிறன் 49.996 ஹேட்ஸாக இருந்ததென ஐரோப்பிய மின்செலுத்துகை நிறுவனங்களின் ஒன்றியம் மார்ச் 6ஆந் திகதி அறிவித்தது. குறைபாடு 0.004 ஹேட்ஸ் மாத்திரம். நாளாந்தம் மீடிறன் 0.02, 0.03 ஹேட்ஸ் ஏறி இறங்குவது வழக்கம். ஆகவே கணநேர வரைபை நோக்கும் ஒருவர் அசாதாரணமாக எதனையும் கண்டிரார்.

திரட்டிப் பார்ப்போம். 0.004 என்பது 50இன் 12,500இல் ஒரு பங்கு. ஐம்பது நாட்களில் 43,20,000 செக்கன்கள் உள. இதனை 12,500ஆல் வகுக்க 345 செக்கன்களுக்குச் சற்று மேல் வரும். அதாவது ஆறு நிமிடத்துக்குச் சற்றே குறைவு. கண்ணுக்குப் புலப்படாத சிறுமை, இடைவிடாது ஒரே திசையில் நிகழ்ந்தமையால், வீட்டுப் பெண்ணும் கண்டறியக்கூடிய பெருமையாயிற்று. அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் எனும் இயங்கியல் விதியை விளக்கப் பாடநூல்கள் கொதிக்கும் நீரை உதாரணமாகக் காட்டுவதுண்டு. இவ்வடுப்புக் கடிகாரத்தையும் அதனருகே வைக்கலாம்.

காணாமற்போன சக்தி 113 கிகாவாற்று மணி. நாம் பட்டியலில் காணும் கணக்கிற் கூறின் 11 கோடியே 30 இலட்சம் அலகுகள். ஐம்பது நாட்களுக்குப் பங்கிட்டால் இது ஏறக்குறைய 94 மெகாவாற்று வலுவாகும். பல இலட்சம் மெகாவாற்று பாயும் வலையமைப்பில் இது ஒரு துளி. துளியெனினும் அது நிரப்பப்படாது விடப்பட்டது. ஏன்?

வலையமைப்பில் குறை ஏற்படும்போது இருபடியான உதவி நிகழ்கின்றது. முதற்படியில், குறை எங்கு ஏற்பட்டதென வினவாது, பிறப்பாக்கிகளின் வேகக் கட்டுப்படுத்திகள் ஏறக்குறைய 30 செக்கனுக்குள் தம் பங்கைக் கூட்டுகின்றன. போர்த்துக்கலின் அணைக்கட்டு போலாந்தின் குறைக்குத் தோள்கொடுக்கின்றது. இது வீழ்ச்சியைத் தடுத்து நிறுத்துமேயன்றி மீடிறனை முற்றாக 50க்கு மீட்காது. இரண்டாம் படியில், குறையை ஏற்படுத்திய பிரதேசமே தன் ஆக்கத்தைக் கூட்டி எஞ்சியதை ஈடுசெய்தல் வேண்டும். முதற்படி பொறியில் அமைந்த ஒருமைப்பாடு. இரண்டாம் படி ஒப்பந்தத்தில் அமைந்த பொறுப்பு. 2018இல் முதலாவது தவறவில்லை; இரண்டாவதே தவறிற்று.

குறை கொசோவோவில் ஏற்பட்டது. 2008இல் கொசோவோ சுதந்திரப் பிரகடனம் செய்தது. சேர்பியா அதனை ஏற்கவில்லை. எனினும் ஐரோப்பிய மின்வலையமைப்பின் ஏற்பாட்டில் கொசோவோ சேர்பியாவின் கட்டுப்பாட்டுப் பிரதேசத்துள்ளேயே தொடர்ந்தும் கருதப்பட்டு வந்தது. சேர்பியர் பெரும்பான்மையாக வாழும் வடக்கு மாநகரப் பிரதேசங்கள் நான்கிலும் நுகரப்பட்ட மின்சாரத்துக்குக் கொசோவோ நிறுவனத்தால் கட்டணம் அறவிட முடியவில்லை. அச்செலவைக் கொசோவோவின் ஏனைய பாவனையாளரே தம் பட்டியலில் சுமந்தனர். 2017இல் அவ்வழக்கம் நின்றது. அதன்பின் குறையை ஈடுசெய்யக் கொசோவோவும் முன்வரவில்லை; கட்டுப்பாட்டுப் பிரதேசத்துக்குப் பொறுப்பான சேர்பியாவும் முன்வரவில்லை. இதனை ஓர் இனத்தின் குற்றமாகக் காண்பது மேம்போக்கானது. எல்லைகளைப்பற்றிய பிணக்கு தீராதிருக்க, எல்லைகளை அறியாத மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தது. அரசுகள் ஒப்பமிடாத கணக்கை அடுப்புக் கடிகாரங்கள் எழுதின.

மார்ச் மாதத்தில் குறை நிறுத்தப்பட்டது. பிந்திய நேரத்தை மீட்பதற்கு வலையமைப்பு முழுவதும் 50.01 ஹேட்ஸில் ஓட்டப்பட்டு, ஏப்ரல் 3ஆந் திகதி கடிகாரங்கள் உரிய நேரத்தை அடைந்தன. அதாவது, கடனைப் பட்டவர் சிலர்; திருப்பிச் செலுத்துவதற்கு உழைத்தவை கண்டம் முழுவதுமுள்ள சுழலிகள். 2020 இறுதியிலேயே கொசோவோ தனிக் கட்டுப்பாட்டுப் பிரதேசமாக இயங்கத் தொடங்கிற்று.

6. பதிவு கூறாதவை

மீடிறன் பதிவின் ஆற்றலை மேலே கண்டோம். அதன் எல்லையையும் காண்பது அவசியம். 50ஐ நிலைநிறுத்துவதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று ஆக்கத்தைக் கூட்டுவது. மற்றது நுகர்வைத் துண்டிப்பது. இரண்டும் பதிவில் ஒரே கோடாகவே தோன்றும்.

2019 ஆகஸ்ற் 9ஆந் திகதி மாலை பிரித்தானியாவில் மின்னல் தாக்கத்தைத் தொடர்ந்து கடற்காற்று மின்நிலையம் ஒன்றும் எரிவாயு மின்நிலையம் ஒன்றும் ஏககாலத்தில் ஆக்கத்தை இழந்தன. மீடிறன் 48.8 ஹேட்ஸ் வரை வீழ்ந்தது. அவ்வெல்லையில் இயங்குமாறு அமைக்கப்பட்ட தானியங்கிக் கருவிகள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பாவனையாளரைத் துண்டித்தன. சில நிமிடங்களில் மீடிறன் 50க்கு மீண்டது. பதிவு ஒரு பள்ளத்தையும் அதன் நிரவலையும் காட்டும். ஆனால் துண்டிக்கப்பட்டோர் எவர், எந்தப் புகையிரதத்தில் எவர் மணிக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர் என்பவற்றை அது காட்டாது. எப்பகுதி முதலில் துண்டிக்கப்பட வேண்டுமென்பது முன்கூட்டியே வகுக்கப்பட்ட பட்டியல். பட்டியலை ஆக்குவது பௌதிகவியல் அன்று.

நமது நாட்டின் அனுபவம் இதனை மேலும் தெளிவாக்கும். இலங்கை தனித்த தீவு வலையமைப்பு. அயல்நாட்டின் தோள்கொடுப்பு அதற்கில்லை. நுரைச்சோலையின் 300 மெகாவாற்று அலகொன்று நின்றால் நாட்டின் உச்சத் தேவையில் பத்திலொரு பங்குக்கு மேல் ஒரே கணத்தில் மறைகின்றது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி முற்பகலில் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்சாதனத்தில் பட்டதைத் தொடர்ந்து நாடு முழுவதும் மின்சாரத்தை இழந்தது. குரங்கைப்பற்றிய நகைச்சுவை பல நாள் ஓடியது. நிமித்தம் வேறு, காரணம் வேறு. அன்று ஞாயிற்றுக்கிழமை, தேவை குறைவு, வெயிலில் சூரியத் தகடுகளின் ஆக்கம் மிகுதி, சுழலும் பாரிய இயந்திரங்கள் தந்த சடத்துவம் சொற்பம். அந்நிலையில் சிறு அதிர்ச்சியும் மீடிறனைக் கட்டுமீறச் செய்யும். சூரிய மின்சாரம் வேண்டாமென்பதன்று இதன் பொருள். ஆக்கத்தின் முறை மாறும்போது அதனைத் தாங்கும் ஏற்பாடுகளும் திட்டமிட்டு மாற்றப்படல் வேண்டுமென்பதே. கூரைக்கு ஒரு முதலீடு எனத் தனியார் முயற்சியை ஊக்குவித்துவிட்டு, பொது வலையமைப்பின் வலிமையை எவருமே பொறுப்பேற்காது விடுவதன் விளைவு அது.

இதற்கு மறுபுறமாக 2022ஆம் ஆண்டு நிலைமையை நோக்குவோம். எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. நாடு எழுத்துக்களால் குறிக்கப்பட்ட பிரிவுகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் இருள் நேரம் அட்டவணையில் அச்சிடப்பட்டது. இத்தகைய மின்வெட்டின் தொழினுட்ப நோக்கமே மீடிறனை 50இல் வைத்திருத்தல். ஆகவே மீடிறனை மட்டும் கொண்டு அந்நாட்களை மதிப்பிடும் வருங்கால ஆராய்ச்சியாளன், யாவும் சீராக இருந்தனவென முடிவுகட்டக்கூடும். மின்பிறப்பாக்கி வைத்திருந்த மாளிகையும், மண்ணெண்ணெயும் கிடைக்காத குடிசையும் அந்தக் கோட்டில் இல்லை. 2018இல் சமநிலைக் குலைவு உண்மையை வெளிப்படுத்தியது. 2022இல் சமநிலையே உண்மையை மறைத்தது.

7. எவருடைய பதிவு?

மீடிறன் பதிவுக்கு இன்னொரு பயனும் உண்டு. மின்சாரம் பாயும் இடங்களில் எழும் மெல்லிய ரீங்காரம் ஒலிப்பதிவுகளிலும் கலந்துவிடுவதுண்டு. அதன் ஏற்ற இறக்கத்தை வலையமைப்பின் பதிவோடு ஒப்பிட்டு, ஒலிநாடா எப்பொழுது பதியப்பட்டது, இடையே வெட்டி ஒட்டப்பட்டதா என அறியும் முறையை ருமேனிய ஆய்வாளரான கட்டலின் கிரிகோராஸ் முதலானோர் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வளர்த்தனர். இலண்டன் பொலிசார் இதற்கெனத் தொடர்ச்சியான பதிவைப் பேணுகின்றனர். நீதிமன்றத்தில் அது சான்றாகியுமுள்ளது. எழுத்தமைதிகொண்டு சுவடியின் காலத்தை நிர்ணயிப்போருக்கு இம்முறை அந்நியமானதன்று. ஆயின் சான்றுக்குரிய மூலப்பதிவு காவற்றுறையிடம் மாத்திரம் இருக்குமாயின், எதிர்வாதத்துக்கு இடமேது? ஆலை முதலாளியின் கடிகாரம் மீண்டும் நம்முன் வந்து நிற்கின்றது.

மீடிறன் பதிவு பொதுச் சொத்தாதல் வேண்டுமென்பதே இவற்றின் முடிபு. அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. சிறு மின்மாற்றி, சில உறுப்புக்கள், செய்மதி நேரம் பெறும் கருவி, பழைய கணினி ஆகியன போதும். நம் பல்கலைக்கழகங்களின் பௌதிகவியல், பொறியியல் மாணவர் இதனைச் செய்ய வல்லவர். அதனருகே இரண்டாவது ஏடொன்றையும் சமூகவியல், பொருளியல் மாணவர் பேணுதல் வேண்டும்: எந்த நாளில், எந்த நேரத்தில், எப்பிரதேசம், எவ்வளவு நேரம் துண்டிக்கப்பட்டது என்பதே அவ்வேடு. வாரனின் கடிகாரத்தில் இரு முட்கள் இருந்தமை போன்று, ஓர் ஏடு வலையமைப்பின் நலத்தையும் மற்றையது மக்களின் நலத்தையும் காட்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றனவா எனப் பார்க்கும் உரிமை கட்டுப்பாட்டு அறையில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று. அச்சுழலிகளை இயக்கும் தொழிலாளருக்கும், அவற்றின் ஒளியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் உரியது.